மயிர்க்காலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி: தோலிலிருந்து படம் வரை

முதன்முதலாக நான் செய்த பன்னிரண்டு பிளாக்குகளை, அதாவது மயிர்க்கால் பதித்த ரெசின் (கெட்டியாகும் பிசின்) கட்டிகளை, எடுத்துக்கொண்டு, மிக மெல்லிய சீவல் வெட்டும் அல்ட்ராமைக்ரோடோம் அறைக்குப் போனேன். அங்கே செக்‌ஷன் வெட்டும் அண்ணன் ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இதுல வேர் எந்தப் பக்கம்?" எனக்குத் தெரியவில்லை. திசுவைக் கறுப்பாக்கும் ஆஸ்மியம் ஏறி எல்லாம் கரிக்கட்டையாய்க் கிடந்தன. நேராகப் படுத்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, எது மேல், எது கீழ், ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் வெட்டியதில் மூன்றுதான் தேறின. மற்ற ஒன்பதிலும் படம் என்னவோ அழகாகத்தான் வந்தது. ஆனால் எந்த மட்டத்தில் எடுத்த படம் என்று தெரியாததால், அவற்றை வைத்து ஒரு வரி எழுத முடியவில்லை.

ஈரலை எங்கே வெட்டினாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். மயிர்க்கால் அப்படி இல்லை. அடியில் இருப்பது இப்போதுதான் பிரிந்த செல். அதற்கு ஒரு மில்லிமீட்டர் மேலே இருப்பது சில நாள் மூத்தது. தலைமுடி ஒரு நாளைக்குச் சுமார் 0.35 மில்லிமீட்டர் வளர்கிறது. டெம் என்னும் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க நாம் வெட்டும் சீவல் 70 நானோமீட்டர் தடிமன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முடியைக் குறுக்கே வெட்டிய ஒரு சீவல் என்பது சுமார் 17 விநாடி வளர்ச்சி. அடிக் குமிழில் செல்கள் நீண்டுகொண்டும் நகர்ந்துகொண்டும் இருப்பதால் அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் விஷயம் இதுதான்: மயிர்க்கால் நிமிர்த்தி வைத்த நாட்காட்டி. எந்தத் தாள் நம் கையில் இருக்கிறது என்று தெரியாமல் தேதி சொல்ல முடியாது.

அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் "வேர் எந்தப் பக்கம்?" என்ற கேள்வி கூடவே வரும்.

டெம்மா, செம்மா?

ஆய்வகத்தில் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். எலக்ட்ரான் கற்றை சீவலை ஊடுருவிப் போய்ப் படம் தருவது டெம். கற்றை மேற்பரப்பில் ஊர்ந்து படம் தருவது செம். எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931-இல் பெர்லினில் செய்து காட்டியது முதல் வகையின் தொடக்கம். செம் விற்பனைக்கு வந்தது 1965-இல்.

முடித்தண்டின் செதில்கள் உடைந்திருக்கின்றனவா, தண்டு முறுகியிருக்கிறதா, குறுக்குவெட்டு வட்டமா முக்கோணமா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் செம் போதும். ஒரே நாளில் முடிந்துவிடும். மயிர்க்காலுக்குள் செல் எப்படி முடியாக மாறுகிறது, நிறமி எப்படிக் கைமாறுகிறது, எந்த அடுக்கு எப்போது கெட்டிப்படுகிறது என்பதெல்லாம் டெம் வேலை. அதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி டெம் பற்றியதுதான். செம் பற்றிக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மனித மயிர்க்காலை டெம்மில் ஒழுங்காகப் படித்த முதல் பெரிய வேலை, பர்பெக், மெர்சர் இருவரும் 1957-இல் லண்டனிலிருந்து வெளியிட்ட மூன்று பகுதிக் கட்டுரை: முதலில் கார்டெக்ஸ் (முடியின் உட்பகுதி), அடுத்து க்யூட்டிகிள் (அதை மூடும் செதில் அடுக்கு), மூன்றாவது உள்வேர் உறை (வளரும் முடியைச் சுற்றியிருக்கும் உறை). குளூட்டரால்டிஹைடு போன்ற இன்றைய ஃபிக்ஸேட்டிவ் (திசுவைக் கெடாமல் அப்படியே நிலைநிறுத்தும் கரைசல்) வருவதற்கு முந்திய காலத்தில் எடுத்த படங்கள் அவை. இதே பர்பெக்தான் 1961-இல் தோலின் நோய் எதிர்ப்பு செல்லான லாங்கர்ஹான்ஸ் செல்லுக்குள் டென்னிஸ் மட்டை வடிவத் துகளைக் கண்டவர். அந்தத் துகளுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

மயிர்க்கால் எங்கிருந்து கிடைக்கும்

முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி, கொடுப்பவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல். அவை இல்லாமல் எதையும் தொடாதீர்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும் அல்லவா? நான் நேர்மையாக "மயிர்க்கால்" என்று எழுதிக் கொடுத்தேன். படித்த முதல் ஆள் சிரித்துவிட்டு, "என்ன சார், திட்டுறீங்களா?" என்றார். அப்புறம் படிவத்தில் மட்டும் "முடியின் வேர்" என்று மாற்றிக்கொண்டேன்.

நல்ல மூலம், முடிமாற்று அறுவையில் பிடரிப் பகுதியிலிருந்து எடுத்து மிஞ்சிய துண்டுகள். தலையில் இருக்கும் மயிர்க்கால்களில் சுமார் 85 முதல் 90 சதவீதம் எப்போதும் வளர்நிலையில் இருக்கும். ஆகவே பத்து எடுத்தால் எட்டோ ஒன்பதோ வேலைக்கு ஆகும். 4 மில்லிமீட்டர் பஞ்ச் பயாப்ஸியும் (வட்டக் கத்தியால் தோலில் குத்தி எடுக்கும் துண்டு) சரிதான். ஆனால் வளர்நிலை மயிர்க்கால் தோலுக்கடியில் கொழுப்பு வரை, 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். பஞ்ச் ஆழமாகப் போகாவிட்டால் குமிழ் உள்ளேயே தங்கிவிடும். முடி சாய்வாக முளைப்பதால், பஞ்ச்சையும் முடியின் சாய்வோடு சேர்த்துச் சாய்க்கச் சொல்லுங்கள்.

பிடுங்கிய முடி எளிதாகக் கிடைக்கும். உள்வேர் உறையும் வெளிவேர் உறையில் கொஞ்சமும் ஒட்டி வரும். ஆனால் குமிழின் நடுவே நுழைந்திருக்கும் டெர்மல் பாப்பிலா தோலிலேயே தங்கிவிடும். பிடுங்கும் இழுப்பில் குமிழ்ப் பகுதி நீண்டு கிழிந்தும் போகும். செதில்களையும் உள்வேர் உறையையும் பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

அறுவை அரங்கில் இன்னொரு ஆபத்து உண்டு. பழக்க தோஷத்தில் சிஸ்டர் துண்டை ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுவார். அல்லது பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரீசரில் வைத்துவிடுவார். உறைந்த திசுவுக்குள் பனிப்படிகம் குத்திக் கிழித்த ஓட்டைகள்தான் படத்தில் தெரியும். ஆகவே உங்கள் ஃபிக்ஸேட்டிவ் பாட்டிலோடு நீங்களே கதவருகே நில்லுங்கள்.

பிரித்தெடுப்பதும் துண்டு போடுவதும்

ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ், ஃபிக்ஸேட்டிவ் சொட்டுவிட்ட மெழுகுத் தட்டில் வைத்து, 11-ஆம் எண் பிளேடால் சுற்றியுள்ள கொழுப்பை ஒதுக்குங்கள். சிமிட்டாவால் குமிழைப் பிடிக்கவே கூடாது. வெளியே நீட்டியிருக்கும் முடித்தண்டைப் பிடியுங்கள். ஒருமுறை குமிழை அழுத்திவிட்டால், அந்த நசுங்கல் டெம் வரை கூடவே வரும்.

மயிர்க்காலை முழுசாக ஃபிக்ஸ் செய்யலாம். ஆனால் ரெசின் உள்ளே போகச் சிரமப்படும். நான் மூன்றாக வெட்டுகிறேன்: அடித்துண்டு ஒன்றரை மில்லிமீட்டர், நடுத்துண்டு, எண்ணெய்ச் சுரப்பியை ஒட்டிய மேல்துண்டு. துண்டு போடும் முன் அளவுகோலோடு ஒரு புகைப்படம் எடுத்து, நோட்டில் படம் வரைந்து, வெட்டிய இடங்களைக் கோடு போட்டு எண் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி குப்பி. ஒரே குப்பியில் மூன்றையும் போட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவன்தான் மேலே சொன்ன பன்னிரண்டு பிளாக்குகளைச் செய்தவன்.

எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று அடையாளம் வைக்க எளிய வழி: ஒவ்வொரு துண்டின் மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சற்றே சாய்வாகவும் வெட்டுவது. அடித்துண்டுக்கு இது தேவையில்லை, குமிழே காட்டிக்கொடுக்கும். ஆஸ்மியத்துக்குப் பிறகு நிறம் போகும், வடிவம் போகாது.

ஃபிக்ஸ் செய்தல்

2% பாராஃபார்மால்டிஹைடு, 2.5% குளூட்டரால்டிஹைடு, 0.1 மோலார் பஃபர், பி.எச். 7.4. கார்னோவ்ஸ்கி 1965-இல் சொன்ன கலவையைக் கொஞ்சம் நீர்த்தது இது. அறை வெப்பத்தில் 2 மணி நேரம், அப்புறம் 4 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க. குளூட்டரால்டிஹைடு மெதுவாகத்தான் ஊடுருவும். பிரித்தெடுத்த ஒற்றை மயிர்க்கால் ஒல்லியானது என்பதால் இங்கே நமக்குப் பிரச்சினை இல்லை. பயாப்ஸித் துண்டு என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வைக்காதீர்கள்.

பஃபர் எது? கக்கோடிலேட் நன்றாக இருக்கும், ஆனால் அதில் ஆர்செனிக் இருக்கிறது. கையுறை, ஃப்யூம் ஹூட், தனிக் கழிவுப் பாட்டில் மூன்றும் வேண்டும். பாஸ்பேட் மலிவு, நஞ்சும் இல்லை. ஆனால் பின்னால் யுரேனைல் அசிட்டேட் போடுவதாக இருந்தால் பாஸ்பேட்டை முழுக்கக் கழுவித் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து படிவு விழுந்து, படமெங்கும் கறுப்புப் பொடி தூவிவிடும்.

மறுநாள் பஃபரில் மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம் கழுவிவிட்டு, 1% ஆஸ்மியம் டெட்ராக்சைடில் ஒன்றரை முதல் 2 மணி நேரம். இதன் ஆவி கண்ணின் கருவிழியைப் பொசுக்கும். ஃப்யூம் ஹூட்டுக்கு வெளியே மூடியைத் திறக்கவே கூடாது. மிச்சத்தைச் சமையல் எண்ணெயில் ஊற்றினால் எண்ணெய் கறுத்து, ஆஸ்மியம் அடங்கிவிடும். இதற்கென்று ஒரு பாட்டில் எண்ணெயை ஹூட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

ஆஸ்மியம் கொழுப்பையும் சவ்வையும் கறுப்பாக்கும். ஏற்கெனவே கெட்டிப்பட்டுவிட்ட முடித்தண்டுக்குள் அது சரியாகப் போகாது. இதற்கான மாற்று வழியைப் பின்னால் சொல்கிறேன்.

நீர் நீக்கி ரெசினில் பதித்தல்

எத்தனால் 30, 50, 70, 90 சதவீதம், ஒவ்வொன்றிலும் 15 நிமிடம். முழு எத்தனாலில் மூன்று முறை, 20 நிமிடம். அவசர வேலை வந்தால் 70 சதவீதத்தில் நிறுத்தி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். மற்ற இடங்களில் நிறுத்தாதீர்கள். அப்புறம் புரோப்பிலீன் ஆக்சைடு இருமுறை.

ரெசினில்தான் மயிர்க்கால் மற்ற திசுக்களிலிருந்து மாறுபடுகிறது. ஈரலுக்கு ஒரு நாள் போதும். மயிர்க்காலுக்கு, அதிலும் நடுத்துண்டுக்கும் மேல்துண்டுக்கும், மூன்று நாள் கொடுங்கள். புரோப்பிலீன் ஆக்சைடும் ரெசினும் ஒன்றுக்கு ஒன்று கலவையில் பாதி நாள், ஒன்றுக்கு மூன்று கலவையில் ஓர் இரவு, சுத்த ரெசினில் இரண்டு நாள் (தினமும் புது ரெசின்), மெதுவாகச் சுழலும் ரோட்டரில். பாகு குறைந்த ஸ்பர் ரெசின் நன்றாக உள்ளே போகும். ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் விடாது. கையுறையை அடிக்கடி மாற்றுங்கள்.

பதிக்கும்போது தட்டையான சிலிக்கான் அச்சு வேண்டும், கேப்சூல் வேண்டாம். குறுக்குவெட்டு வேண்டுமானால் மயிர்க்காலை அச்சின் நீள வாக்கில் படுக்க வைத்து, குமிழ் கூர்முனையைப் பார்த்து இருக்கட்டும். நீள்வெட்டு வேண்டுமானால் கூர்முனையில் குறுக்கே படுக்க வையுங்கள். பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றை ரெசினுக்குள்ளேயே போட்டுவிடுங்கள்: எண், எந்தத் துண்டு, குமிழ் இருக்கும் திசைக்கு ஓர் அம்புக்குறி. பேனா மை கரைந்து ஓடிவிடும். அடுப்பில் 60 டிகிரி செல்சியஸ், 48 மணி நேரம். ஸ்பர் என்றால் 70 டிகிரி. அடுப்பில் வைத்து அரை மணி நேரம் கழித்து ஒருமுறை எட்டிப் பாருங்கள். சூடேறி ரெசின் இளகும்போது துண்டு மெல்லத் திரும்பிக் கொள்ளும். அந்த நேரத்தில் ஒரு ஊசியால் நேராக்கிவிடலாம். பிற்பாடு ஒன்றும் செய்ய முடியாது.

செமிதின்: டெம்முக்கு முன்னால் ஒரு வாரம் இங்கே இருங்கள்

செமிதின் என்பது ஒளி நுண்ணோக்கியில் பார்க்கும் சற்றே தடித்த சீவல். கண்ணாடிக் கத்தியில் 1 மைக்ரான் சீவல் எடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஹாட் பிளேட்டில் காயவைத்து, போராக்ஸ் கலந்த 1% டொலுய்டின் நீலத்தில் அரை நிமிடம். இதை ஒரு சம்பிரதாயமாகச் செய்துவிட்டு டெம்முக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் மயிர்க்கால் ஆய்வில் பாதி வேலை இங்கேதான் முடிகிறது.

குமிழ் முனையிலிருந்து தொடங்கி, மேலே போகப் போக எத்தனை மைக்ரான் சீவியெடுத்தோம் என்று மைக்ரோடோமின் எண்ணியைப் பார்த்து எழுதிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு 20 மைக்ரானுக்கும் ஒரு செமிதின் எடுத்துப் படம் பிடியுங்கள். அதுதான் நாட்காட்டியின் தேதி.

எண்ணி தவறிப்போனாலும் திசுவே காட்டிக்கொடுக்கும். நடுவில் பாப்பிலா தெரிந்தால் குமிழுக்குள் இருக்கிறீர்கள். பாப்பிலா அதிகபட்ச அகலம் காட்டும் மட்டத்துக்கு ஆபர் கோடு என்று பெயர், 1952-இல் ஆபர் என்பவர் குறித்தது. செல் பிரிவதெல்லாம் பெரும்பாலும் அதற்குக் கீழே. அதற்கு மேலே போனால் உள்வேர் உறையின் மூன்று அடுக்குகளைப் பாருங்கள்: வெளியே ஹென்லே, நடுவில் ஹக்ஸ்லி, உள்ளே உறையின் க்யூட்டிகிள். மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டிப்படுவதில்லை. முதலில் ஹென்லே, அடுத்து க்யூட்டிகிள், கடைசியில் ஹக்ஸ்லி. ஆகவே ஹென்லே வளையம் மட்டும் துகளின்றி வழவழவென்று இருந்து, ஹக்ஸ்லியில் இன்னும் அடர்ந்த துகள்கள் இருந்தால், நீங்கள் இருக்கும் மட்டம் உறுதி. மூன்றும் கெட்டியாகியிருந்தால் இன்னும் மேலே. உள்வேர் உறையே காணாமல் போயிருந்தால் எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அருகே வந்துவிட்டீர்கள். நான் இதை உறைக்கடிகாரம் என்று சொல்லிக்கொள்வது வழக்கம்.

அந்த நடு அடுக்கைக் கண்டு சொன்ன ஹக்ஸ்லி, பின்னாளில் டார்வினுக்காக மேடை மேடையாக வாதாடிய அதே தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லிதான். 1845-இல் அவர் மருத்துவ மாணவர், வயது இருபதுதான்.

அல்ட்ராதின்

வேண்டிய மட்டம் கிடைத்ததும் பிளாக்கின் முகத்தைச் சிறிய நாற்கரமாகச் செதுக்கி, வைரக் கத்திக்கு மாறுங்கள். கத்தியின் தொட்டியில் மிதக்கும் சீவலின் நிறமே தடிமனைச் சொல்லும்: வெள்ளி நிறம் என்றால் 60 முதல் 90 நானோமீட்டர், பொன்னிறம் என்றால் அதைவிடத் தடி, சாம்பல் என்றால் மெலிது. வெள்ளியை எடுங்கள். தமிழில் மயிரிழையில் தப்பித்தான் என்கிறோம். இந்தச் சீவல் அந்த மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

சிக்கல் இதுதான்: குமிழ் வெண்ணெய் போல வெட்டும், கெட்டிப்பட்ட முடி கொம்பு போல எதிர்க்கும். இரண்டும் ஒரே முகத்தில் இருந்தால் கத்தி துடித்து, படத்தில் படிக்கட்டு போலக் கோடுகள் விழும். வேகத்தைக் குறையுங்கள். முகத்தை இன்னும் சிறிதாக்குங்கள். முற்றிய முடித்தண்டை வெட்டப் புது வைரக் கத்தியைக் கொடுக்க எந்தப் பொறுப்பாளரும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. பழைய கத்தியைக் கேளுங்கள்.

சீவலைத் தாங்கும் சிறு வலைதான் கிரிட். சாதாரண 200 மெஷ் செப்புக் கிரிட்டில் ஒரு கண்ணின் அகலம் நூறு மைக்ரானை ஒட்டியது. முடி ஒன்றின் குறுக்குவெட்டு அதற்குள் அடங்கும். ஆனால் முழு மயிர்க்கால் அடங்காது, முக்கியமான இடத்தில்தான் கம்பி வந்து மறைக்கும். மெல்லிய ஃபார்ம்வார் படலம் போர்த்திய ஒற்றைத் துளைக் கிரிட்டைப் பயன்படுத்துங்கள். கையாளக் கடினம்தான், நாலைந்து கிழியும், அப்புறம் கை பழகிவிடும்.

சாயம்: யுரேனைல் அசிட்டேட் பத்துப் பதினைந்து நிமிடம், கழுவி, ரெனால்ட்ஸ் 1963-இல் சொன்ன லெட் சிட்ரேட் ஐந்து நிமிடம். லெட் சிட்ரேட் காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கண்டாலே வெள்ளைப் படிவாகிவிடும். அதனால் பெட்ரி தட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைச் சுற்றிப் போட்டு, மூடியை லேசாகத் தூக்கிச் சொட்டு வைக்க வேண்டும், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பாக இருக்கும். ஆனால் கிரிட்டில் மிளகுத்தூள் விழுந்த படத்தைப் பார்த்த பிறகு யாரும் சிரிப்பதில்லை. யுரேனைல் அசிட்டேட் நஞ்சு, கொஞ்சம் கதிரியக்கமும் உண்டு. கணக்கு வைத்துப் பூட்டி வையுங்கள்.

படத்தைப் படிப்பது

80 கிலோவோல்ட் போதும். எடுத்த எடுப்பிலேயே ஐம்பதாயிரம் மடங்குக்குப் போகாதீர்கள். ஐநூறு, ஆயிரம் மடங்கில் முழு வளையத்தையும் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒட்டி, செமிதின் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பாருங்கள். இடம் உறுதியான பிறகு உள்ளே போகலாம். கீழிருந்து மேலே கூட்டிப் போகிறேன்.

அடியில் பாப்பிலா: நீண்ட செல்கள், அவற்றுக்கிடையே நிறைய இடைப்பொருள், இரத்த நுண்குழாய். பாப்பிலாவைச் சுற்றி அடித்தளச் சவ்வு. சவ்வுக்கு வெளியே, பிரிந்து பிரிந்து முடியையும் உறையையும் உண்டாக்கும் மேட்ரிக்ஸ் செல்கள். பெரிய உட்கரு, கொஞ்சமே சைட்டோபிளாசம், அதில் கொட்டிவைத்த எள் போல ரைபோசோம்கள். இந்தச் செல்களைப் பார்த்து எது முடியாகும், எது உறையாகும் என்று சொல்லவே முடியாது. எல்லாம் ஒரே முகம்.

பாப்பிலாவின் உச்சியைச் சுற்றி, நிறமி செய்யும் செல்களான மெலனோசைட்டுகள் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குள் நிறமிப் பையான மெலனோசோமை நாலு நிலையிலும் தேடுங்கள்: வெறும் பை, உள்ளே வரிவரியான தட்டு, தட்டின் மேல் கறுப்பு படியத் தொடங்கியது, முழுக் கறுப்பு. கறுமுடியில் இவை நீள்வட்டம். செம்பட்டை நிறமியைச் செய்பவை உருண்டை. மெலனோசைட்டின் விரல் போன்ற கிளைகள் பக்கத்துக் கார்டெக்ஸ் செல்களுக்கு நிறமியைக் கொடுக்கும் இடம் இதுவே. நரைமுடியின் குமிழில் இதே இடத்தைப் பார்த்தால் மெலனோசைட்டுகள் குறைந்தும், இருப்பவை வெற்றுக் குழிகளோடும் இருக்கும். நரையை ஆராய்கிறவர்கள் இந்த ஒரு மட்டத்திலேயே மாதக் கணக்கில் உட்கார்ந்துவிடலாம்.

கொஞ்சம் மேலே ஏறினால் எல்லாச் செல்லும் தன் வழியைத் தேர்ந்துவிட்டிருக்கும். கார்டெக்ஸ் செல்களில் கெரட்டின் இழைகள் சிறு கற்றையாகத் தொடங்கி, பக்கத்துக் கற்றையோடு சேர்ந்து பருத்துக்கொண்டே போகும். துகள் எதுவும் இருக்காது. அதற்கு நாலு செல் வெளியே, உள்வேர் உறைச் செல்லில் நிலைமை நேர்மாறு: சவ்வில்லாத, கறுத்த, ஒழுங்கற்ற துகள்கள். இதுதான் டிரைகோஹையாலின். துகளின் ஓரத்தில் உருப்பெருக்கத்தைக் கூட்டி நின்று பாருங்கள். துகள் கரையும் விளிம்பில் இழைகள் முடியின் நீளவாக்கில் வரிசை கட்டும். சில மைக்ரான் மேலே போன செக்‌ஷனில் துகளே இருக்காது, இழைகள் மட்டும். பக்கத்துப் பக்கத்துச் செல்கள், ஒரே மூதாதை, ஆனால் கெட்டிப்படும் முறை இரண்டு. டெம்மில் எனக்கு அலுக்காத காட்சி இது.

முடியின் க்யூட்டிகிள் செல்கள் குமிழில் செங்கல் போல ஒற்றை வரிசை. மேலே போகப் போகச் சாய்ந்து, தட்டையாகி, ஒன்றின் மேல் ஒன்று ஓடு போல அடுக்கிக்கொள்ளும். முற்றிய செதில் அரை மைக்ரான் தடிமன்தான், மனித முடியில் ஐந்து முதல் பத்து அடுக்கு. கறுத்த துகள்கள் செல்லின் வெளிப்பக்கம் கூடி எக்ஸோக்யூட்டிகிள் ஆகும். உள்பக்கம் மங்கலாக எண்டோக்யூட்டிகிள். இந்தச் செதில்கள் முடிநுனியைப் பார்க்கும். உள்வேர் உறையின் செதில்கள் எதிர்த் திசையில், கீழ்நோக்கி. இரண்டும் ரம்பப் பல் போலக் கோத்துக்கொள்வதால்தான் முடியைப் பிடுங்கினால் உறையும் சேர்ந்து வருகிறது. நீள்வெட்டில் இந்தக் கோப்பைப் பார்த்தாலே "வேர் எந்தப் பக்கம்?" என்பதற்குப் பதில் கிடைத்துவிடும். என் ஒன்பது பிளாக்குகளில் இரண்டை இப்படித்தான் பிற்பாடு மீட்டேன்.

வெளிவேர் உறை செல்கள் வெளுத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஃபிக்ஸேஷன் கெட்டதில்லை. கிளைக்கோஜன் நிறைந்த செல்கள் அவை. மைட்டோகாண்ட்ரியாவைப் பாருங்கள். உள்மடிப்புகள் ஒழுங்காக இருந்தால் சரி. உப்பி, வெளுத்து, மடிப்புகள் உடைந்திருந்தால்தான் ஃபிக்ஸேட்டிவில் போடத் தாமதமாயிருக்கிறது என்று அர்த்தம்.

கெட்டிப்பட்ட முடியும், நடுவில் ஓட்டையும்

மேல்மட்டச் செக்‌ஷன்களில் முடி இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. எல்லோருக்கும் நடப்பது. ரெசின் முடிக்குள் போகவில்லை, சுற்றிலும் சரியாக ஒட்டவும் இல்லை. தண்ணீரைத் தொட்டதும் முடித்துண்டு மட்டும் கழன்று விழுந்துவிட்டது. ரெசின் நாட்களைக் கூட்டுவதைத் தவிர இதற்குப் பெரிய மருந்து இல்லை.

முடி தங்கிவிட்டாலும், முற்றிய கார்டெக்ஸ் ஒரே சாம்பல் பரப்பாகத் தெரியும். இழை எது, இடைப்பொருள் எது என்று பிரியாது. இதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. முடியை முதலில் தயோகிளைகாலிக் அமிலத்தில் ஊறவைத்துக் கந்தகப் பிணைப்புகளை அவிழ்த்துவிட்டு, பிறகு ஆஸ்மியத்தில் போடுவது. முடியைச் சுருட்டும் பெர்மிங் கரைசலில் இருப்பதும் இதன் உறவுதான். கந்தகம் மிகுந்த இடைப்பொருள் ஆஸ்மியத்தை வாரிக்கொண்டு கறுத்துவிடும். இழைகள் கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், ஒவ்வொன்றும் ஏழெட்டு நானோமீட்டர். சில இடங்களில் அவை கைரேகை போலச் சுழித்து நிற்கும்.

செம்: ஒரு நாள் வேலை

முடித்தண்டு என்றால் ஃபிக்ஸேஷன்கூடத் தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்கு போக மென்மையாகக் கழுவிக் காயவைத்து, கார்பன் டேப் ஒட்டிய அலுமினிய ஸ்டப்பில் (மாதிரியைத் தாங்கும் சிறு மேடை) படுக்க வைத்து, பத்து நானோமீட்டர் அளவுக்குத் தங்கம் பூசி, 5 முதல் 15 கிலோவோல்ட்டில் பாருங்கள். வேர்ப்பக்கத்தை எப்போதும் ஸ்டப்பின் ஒரே பக்கம் வையுங்கள், ஸ்டப்பின் விளிம்பில் ஒரு கீறல் போட்டுவிடுங்கள். வேரருகே செதில் முழுசாக இருக்கும், நுனியில் தேய்ந்திருக்கும். எந்த இடத்துப் படம் என்று தெரியாவிட்டால், சீப்பு செய்த தேய்மானத்தை நோய் என்று எழுதிவிடுவீர்கள்.

ஈரத் திசுவாக உள்ள மயிர்க்காலைச் செம்மில் பார்க்க, ஃபிக்ஸ் செய்து நீர் நீக்கிய பின் கிரிட்டிக்கல் பாயின்ட் டிரையர் வேண்டும். கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரி செல்சியஸுக்கு மேல், 73 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கொண்டுபோனால் நீர்மத்துக்கும் வாயுவுக்கும் எல்லையே இல்லாமல் போகும். பரப்பு இழுவிசை இல்லாமல் திசு காயும். கருவி இல்லாத இடங்களில் எச்.எம்.டி.எஸ். திரவத்தில் நனைத்து ஃப்யூம் ஹூட்டில் காயவிடுகிறார்கள். மோசமில்லை.

மருத்துவத்தில் செம் உடனடியாகக் கைகொடுக்கும் ஓர் இடம், சீவவே முடியாத முடி என்று குழந்தைகளிடம் காணும் அரிய நிலை. முடியைக் குறுக்கே நறுக்கி நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் வட்டத்துக்குப் பதில் முக்கோணம், நீளவாக்கில் ஒரு வாய்க்கால். 2016-இல் இதற்குக் காரணமாக மூன்று மரபணுக்களைக் கண்டார்கள். ஒன்று டிரைகோஹையாலினைச் செய்வது, மற்ற இரண்டும் அதைப் பக்குவப்படுத்தும் நொதிகளைச் செய்பவை. டெம்மில் நாம் பார்த்த அந்தக் கறுத்த துகளேதான். உறை ஒழுங்காகக் கெட்டிப்படாவிட்டால், உள்ளே வளரும் முடிக்கு வட்ட அச்சு கிடைப்பதில்லை.

நோட்டில் என்ன இருக்க வேண்டும்

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: யாருடைய மயிர்க்கால் (பெயர் இல்லாமல் எண் மட்டும்), எந்தத் துண்டு, குமிழ் முனையிலிருந்து எத்தனை மைக்ரான், உறைக்கடிகாரம் காட்டும் நிலை, வெட்டிய திசை, எடுத்ததற்கும் ஃபிக்ஸேட்டிவில் போட்டதற்கும் இடையே எத்தனை நிமிடம். அளவெடுக்கப் போகிறீர்கள் என்றால், ஆய்வு மாதிரி எது, ஒப்பீட்டு மாதிரி எது என்று தெரியாத ஒருவரை எண்ணச் சொல்லுங்கள்.

வெட்டி மிஞ்சிய பிளாக்கை எறியாதீர்கள். ரெசினில் பதித்த திசு அறை வெப்பத்திலேயே பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். நான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எண் வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறேன். முதல் வரிசையில் இருப்பவை அந்த ஒன்பதும்தான். இரண்டில் மட்டும் அம்புக்குறி போட்டிருக்கிறது.